நான்காம் சக்கரம்: வால்பெக் கோமான் குடியும் தீட்மாரின் ஏடும்

கி.பி. 929ஆம் ஆண்டு செப்டம்பர்த் திங்கள் 4ஆம் நாள், எல்பே ஆற்றுப் பகுதியில் லென்ட்சன் என்னும் கோட்டையின் முன்பு சாக்சானியரும் ஸ்லாவியரும் பொருதனர். வெற்றி சாக்சானியருக்கே கிட்டிற்று. ஆயினும் வென்றோர் பக்கத்தில் வீழ்ந்துபட்டோருள் லியுத்தார் என்னும் ஒரே பெயர் தாங்கிய கோமான்கள் இருவர் இருந்தனர். ஒருவர் வால்பெக் குடியினர். மற்றவர் ஸ்டாடே குடியினர். ஏறத்தாழ எண்பது ஆண்டுகள் கழிந்தபின், மெர்செபர்க் நகரின் ஆயர் தீட்மார் தம் வரலாற்று ஏட்டில் இச்செய்தியைப் பொறித்தபோது, அவ்விருவரும் தம் கொள்ளுப்பாட்டன்மார் என்பதையும் சேர்த்தே எழுதினார். ஒருவர் தந்தைவழி முன்னோர். மற்றவர் தாய்வழி முன்னோர். ஒரே பெயர், ஒரே களம், ஒரே நாள்!

பத்தாம் நூற்றாண்டின் சாக்சானிய உயர்குடியினரை ஆராயப் புகுவோர்க்கு முதலில் எதிர்ப்படும் இடர்ப்பாடும் இதுவே. அவர்களுக்குக் குடிப்பெயர் என ஒன்று இருந்ததில்லை. 'வால்பெக் கோமான்கள்', 'ஸ்டாடே கோமான்கள்' என்பன பிற்கால வரலாற்றாசிரியர் தம் வசதிக்காக ஒட்டிய சீட்டுகள். அக்காலத்தார் தம்மை லியுத்தார் என்றும், சீக்ஃப்ரீட் என்றும், ஹென்றி என்றும் மட்டுமே வழங்கிக்கொண்டனர். பாட்டன் பெயரைப் பேரனும், மாமன் பெயரை மருமகனும் தாங்கினர். எனவே எந்த லியுத்தார் எவருக்கு மகன், எந்த ஹென்றி எவருக்கு மைத்துனன் என்பதைப் பெயர்களின் வருகையும் நிலங்களின் கைமாற்றமும் கொண்டே உய்த்துணர வேண்டியுள்ளது. பல குடிகள் இவ்வாய்வுக்கும் சிக்காமல் மறைந்தொழிந்தன. வால்பெக் குடி மறையாமல் நின்றதற்குக் காரணம், அக்குடியில் பிறந்த ஒருவர் எழுதத் தெரிந்தவராகவும், எழுதியே தீரவேண்டிய மனத்தினராகவும் இருந்தமையே.

கௌவும் கோமானும்

பழஞ்சாக்சானிய நிலம் 'கௌ' என வழங்கப்பெற்ற சிறு நிலப்பகுதிகளாகப் பிரிந்து கிடந்தது. எல்பே ஆற்றங்கரையிலுள்ள மக்டபர்க் நகருக்கு மேற்கே விரிந்த பகுதிக்கு வடதுரிங்கியக் கௌ என்று பெயர். பெயரில் துரிங்கியர் இருப்பினும் அங்கு வாழ்ந்தோர் சாக்சானியரே. பிராங்கிய வேந்தன் சார்லமேன் கி.பி. 772 முதல் 804 வரை முப்பதாண்டுகட்கும் மேலாகப் போரிட்டுச் சாக்சானியரை அடக்கினான். 782ஆம் ஆண்டில், அச்சாக்சானிய உயர்குடியினருள்ளிருந்தே கோமான்களைத் தெரிந்து அந்நாட்டின்மேல் அமர்த்தினான். வென்றவன் தன் ஆட்சியைத் தோற்றவரின் தலைவர்கள் கைகொண்டே நடத்தத் துணிந்தது கருதத்தக்கது.

ஜெர்மன் மொழியில் 'கிராஃப்' எனவும் இலத்தீனில் 'கோமெஸ்' எனவும் வழங்கப்பெற்ற இக்கோமான், அரசனின் பெயரால் வழக்குத் தீர்ப்பவன், தண்டம் விதிப்பவன், போர்க்காலத்தில் அப்பகுதியின் படையைத் திரட்டிச் செல்பவன். கோட்பாட்டளவில் அஃது அரசன் தரும் பதவி. நடைமுறையிலோ தந்தைக்குப்பின் மகன் அதனைத் தன் உரிமை போலவே எதிர்பார்த்தான். அரசன் மறுத்தால் அது மனத்தாங்கலாகும். மனத்தாங்கல் சில வேளைகளில் கிளர்ச்சியாகும்.

உயர்குடிக்கும் ஏனையோர்க்கும் இடையிலிருந்த தொலைவு சட்டத்திலேயே அளந்து வைக்கப்பட்டிருந்தது. சார்லமேன் காலத்தில் தொகுக்கப்பெற்ற சாக்சானியச் சட்டத்தின்படி, உயர்குடியினன் ஒருவனைக் கொன்றால் ஈடாகத் தரவேண்டிய தொகை 1440 சொலிதி. 'லாஸி' என்ற அரையடிமை நிலையினனுக்கு 120 சொலிதி. ஓர் உயிருக்குப் பன்னிரண்டு உயிர் என்பது அந்நாளைய கணக்கு. கீழே வரும் நிகழ்ச்சிகளில் பெயருடன் வருவோர் ஏறக்குறைய அனைவரும் 1440 சொலிதி மதிப்பினர் என்பதை மறத்தல் ஆகாது.

பிழையில் எழுந்த கோயில்

லென்ட்சன் களத்தில் மாண்ட லியுத்தாரின் மகனும் லியுத்தாரே. இவர் 941ஆம் ஆண்டில் ஒரு பெரும்பிழையில் பங்கு கொண்டார். பேரரசனாகப் பின்னர் முடிசூடிய முதலாம் ஓட்டோவை, உயிர்த்தெழுந்த பெருநாளன்று க்வெட்லின்பர்க்கில் கொன்றுவிட்டு, அவன் தம்பி ஹென்றிக்கு முடிசூட்டுவது என்பது சதி. செய்தி முன்னரே கசிந்துவிட்டது. அரசன் நம்பிக்கைக்குரியவர் சூழ இரவும் பகலும் விழிப்புடனிருந்து விழாவை முடித்தான். பின்னர்ச் சதிகாரரைப் பிடித்தான். சிலர் கொல்லப்பட்டனர். லியுத்தாரையும் கொல்லவே அரசன் எண்ணினான். தன் அன்புக்குரிய பெருமக்கள் இடைப்பட்டுக் கூறியமையால் அவரைப் பவேரியாவுக்குக் காவலில் அனுப்பினான். அவர் உடைமைகள் பறிக்கப்பெற்றுப் பலர்க்கும் பங்கிடப்பட்டன. ஓராண்டு கழித்தே அவர் அரசனின் தயவை மீண்டும் பெற்றார்.

ஊர் திரும்பியவர் 942ஆம் ஆண்டளவில் ஆல்லர் ஆற்றின்மேல் எழும் வால்பெக் குன்றில், தம் கோட்டைக்குள்ளேயே, கன்னி மரியாளின் பெயரால் ஒரு கோயிலும் குருமார் குழாமும் நிறுவினார். செய்த பிழைக்குக் கழுவாய் அது. இதனை மூடி மறைக்காமல் எழுதியவர் அவருடைய பேரனான தீட்மாரே. தம் குடிக்கோயிலின் அடிக்கல் ஓர் அரசத் துரோகத்தின்மேல் நாட்டப்பட்டது என்பதை ஓர் ஆயர் ஏட்டிலேற்றத் தேவையில்லை, ஆயினும் ஏற்றினார். கோயில் கட்டிய புகழை மட்டும் சொல்லிக் கட்டியதன் காரணத்தை விழுங்கிவிடும் வழக்கம் எந்நாட்டுக் குடிவரலாறுகளிலும் உண்டு என்பதை எண்ணிப் பார்த்தால், இந்தச் சிறு செய்தியின் அருமை விளங்கும்.

பிணையாகப் புறப்பட்ட இளைஞன்

தீட்மார் 975ஆம் ஆண்டு சூலைத் திங்கள் 25ஆம் நாள் பிறந்தார். தந்தை வால்பெக் குடியின் சீக்ஃப்ரீட். தாய் ஸ்டாடே குடியின் குனிகுண்டே. மூத்தோர் கோமான்களாக, இடையில் பிறந்தவர் திருச்சபைக்கு உரியவரானார். க்வெட்லின்பர்க்கிலும் பின்னர் மக்டபர்க்கிலும் அவர் கல்வி பயின்றார். தம் தோற்றத்தை அவரே எழுதி வைத்துள்ளார்: குள்ள உருவம், சிறுவயதில் முறிந்த மூக்கு, அடிக்கடி வீங்கும் ஒருபக்கத் தாடை. காண்போர் நகைக்கத்தக்கவர் தாம் என்றும், உள்ளம் அதனினும் அழகற்றது என்றும் தம்மைத் தாமே பழித்துக்கொண்டார். இளையவராக இருந்தபோதே அவர் உயிர் ஒரு நூலிழையில் தப்பிற்று.

994ஆம் ஆண்டு சூன் 23ஆம் நாள், எல்பே ஆற்று முகத்துவாரம் வழியே புகுந்த வடபுலக் கடற்கொள்ளையரை, தீட்மாரின் தாய்மாமன்மாராகிய ஹென்றி, உடோ, சீக்ஃப்ரீட் என்னும் மூவரும் எதிர்த்துப் பொருதனர். உடோ கொல்லப்பட்டான். ஏனைய இருவரும் சிறைப்பட்டனர். மீட்புப்பொருள் பேசப்பட்டது, முழுத்தொகையும் திரளும்வரை பிணையாட்களைக் கொள்ளையர் கேட்டனர். ஹென்றி தன் ஒரே மகனை ஒப்படைத்துவிட்டு வெளியேறினான். சீக்ஃப்ரீட்டுக்கு மக்களில்லை. ஆதலின் தன் உடன்பிறந்தாளாகிய குனிகுண்டேயிடம், அவள் மக்களுள் ஒருவனைத் தந்து தன்னை மீட்குமாறு சொல்லி அனுப்பினான். மடத்திலிருந்த ஒரு மகனைக் கேட்டபோது மடத்தலைவர் இசையவில்லை. அடுத்து, மக்டபர்க்கில் கற்றுக்கொண்டிருந்த தீட்மாரிடம் ஆள் வந்தது. பதினெட்டு வயது நிரம்பிய அவ்விளைஞன், குருமார் உடைக்குள்ளே உலகியல் உடையை அணிந்துகொண்டு ஒரு வெள்ளிக்கிழமை புறப்பட்டான். கொள்ளையரிடையே அவ்வுடையில் இருக்கவேண்டும் என்பது ஏற்பாடு.

அதற்கிடையே சீக்ஃப்ரீட், தன் ஆட்கள் இருவர் கொண்டுவந்த மதுவைக் காவலர்க்கு நிறையப் பருகக் கொடுத்து, விடியலில் முகங்கழுவுவான் போலக் கப்பலின் முனைக்குச் சென்று, அருகே காத்திருந்த சிறு படகில் குதித்துத் தப்பினான். மாமன் தப்பியதால் மருமகனும் தப்பினான். ஆயின் பிணையாகக் கப்பலில் எஞ்சியிருந்தோர் தப்பவில்லை. ஏமாந்த சினத்தில் கொள்ளையர் அவர்களின் மூக்கையும் காதுகளையும் கைகளையும் அறுத்து நீரில் வீசினர். அவர்களுள் குரு ஒருவரும், தீட்மாரின் நெருங்கிய உறவினன் ஒருவனும் இருந்தனர்.

இந்நிகழ்ச்சியை எழுதும் தீட்மார் மாமனின் வீரத்தைப் பாராட்டவும் இல்லை, இகழவும் இல்லை. தப்பியதையும் அறுபட்டதையும் அடுத்தடுத்து வைத்துச் செல்கிறார். கோமான் குடியில் பிறத்தல் என்பதன் பொருள் அங்கே முழுமையாக வெளிப்படுகிறது. மக்கள் குடியின் செல்வம். தேவை நேர்ந்தால் எண்ணிக் கொடுக்கப்படும் நாணயமும் அவர்களே.

ஒரு திருமணப் பூசலும் ஓர் அரியணையும்

இக்குடியின் வரலாற்றில் பெரிதும் பேசப்படுவது தீட்மாரின் பெரிய தந்தையாகிய மூன்றாம் லியுத்தாரின் காலம். அவர் 985ஆம் ஆண்டு முதல் வடக்கு எல்லைப் பகுதியின் காவற்கோமானாக இருந்தார். தெற்கே மைசன் எல்லையின் காவற்கோமான் எக்கேஹார்ட்; அக்காலச் சாக்சானியில் அவனை ஒத்த ஆற்றலுடையார் அரியர். எக்கேஹார்ட்டின் மகள் லியுட்கார்டை லியுத்தாரின் மகன் வெர்னருக்குத் தருவதாக இரு குடியாரும் உறுதி செய்தனர். பின்னர் எக்கேஹார்ட் மனம் மாறினான். வாக்கினின்று பின்வாங்க முயன்றான்.

பெண் அப்போது க்வெட்லின்பர்க் கன்னியர் மடத்தில், முதலாம் ஓட்டோவின் மகளாகிய மடத்தலைவி மெட்டில்டாவின் பாதுகாப்பில் இருந்தாள். பேரரசன் மூன்றாம் ஓட்டோ இத்தாலியில் இருந்தமையால் நாட்டின் பொறுப்பே அவ்வம்மையாரிடம் இருந்தது. அவர் மடத்தில் இல்லாத வேளை பார்த்து வெர்னர் ஆட்களுடன் புகுந்து லியுட்கார்டைக் கவர்ந்து வால்பெக்குக்குக் கொண்டுசென்றான். உடன் சென்றோருள் தீட்மாரின் உடன்பிறந்தாரும் இருந்தனர். அம்மையார் அனுப்பிய ஆட்கள் வால்பெக்கை அடைந்தபோது கதவுகள் அடைக்கப்பட்டிருந்தன. திரும்பி வருவதைக் காட்டிலும் அங்கேயே இருப்பதைத்தான் பெண்ணும் விரும்புகிறாள் என்ற செய்தியே அவர்களுக்குக் கிட்டியது. இறுதியில் மக்டபர்க்கில் கூடிய பேரவையின் முன் வெர்னரும் கூட்டாளிகளும் வெறுங்காலுடன் வந்து, பெண்ணை ஒப்படைத்து மன்னிப்பு வேண்டினர். அந்தப் பேரவையில் தலைமை தாங்கி ஆண்மக்களை வெறுங்காலுடன் நிற்கச் செய்தவர் ஒரு பெண் என்பதைக் குறிப்பிடாமல் செல்லுதல் முறையன்று.

வெறுங்காலின் நினைவு வால்பெக் குடியை விட்டு அகலவில்லை. 1002ஆம் ஆண்டு சனவரி 24ஆம் நாள் மூன்றாம் ஓட்டோ மகப்பேறின்றி இறந்தான். அரியணைக்கு உரியவர் யார் என்பதைப் பேசச் சாக்சானியப் பெருமக்கள் ஃபுரோஸே என்னுமிடத்தில் கூடினர். எக்கேஹார்ட் தனக்கே முடி என்று நம்பியிருந்தான். லியுத்தாரோ, வெர்லாவில் நிகழவிருந்த அடுத்த கூட்டம்வரை எவரையும் அரசராக ஏற்பதில்லை என யாவரும் உறுதிகூற வேண்டும் என்று வாதிட்டு வென்றார். தம்மீது என்ன குறை கண்டீர் என்று எக்கேஹார்ட் சினந்து வினவியபோது, அவனுடைய வண்டியில் நான்காம் சக்கரம் இல்லை என்பது இன்னும் தெரியவில்லையா என்ற பொருளில் லியுத்தார் விடையிறுத்தார்.

இவ்வுவமையின் பொருளை ஆய்வாளர் பலவாறு உரைப்பர். நான்காம் சக்கரம் அரச குருதியா, தலைமைக்கு வேண்டிய நற்பண்புகளுள் ஒன்றா, அன்றி வெர்னருக்கு மறுக்கப்பட்ட மணமகளா என்பது முடிவுபெறாத வழக்கு. கவிதை பயில்வோர்க்கு இதில் ஐயம் எழாது. மூன்றையும் ஒருங்கே தாங்கும் வலிமை இருந்தமையால்தான் அச்சொல் அவையில் வென்றது. ஓர் உவமை ஓர் அரியணையைத் தடுத்து நிறுத்திய இடம் வரலாற்றில் மிகுதியாக இல்லை. வென்றது பவேரியாவின் ஹென்றி. இரண்டாம் ஹென்றி என முடிசூடியவன் அவனே. லியுத்தார் ஆதரித்ததும் அவனைத்தான்.

எக்கேஹார்ட் அடங்கிப் போகவில்லை. வெர்லாவில், மறைந்த பேரரசனின் உடன்பிறந்த மகளிராகிய சோஃபியா, அடெல்ஹெய்ட் இருவர்க்கும் பரப்பி வைத்திருந்த உணவு மேசையில் தானே சென்றமர்ந்து உண்டான்; அரசுரிமை தனக்கே என்பதை உணர்த்தும் செயல் அது. சில நாட்களில், ஏப்ரல் 30ஆம் நாள் இரவு, பொல்டே என்னும் இடத்தில் துயின்றுகொண்டிருந்தபோது நார்ட்ஹெய்ம், கட்லென்பர்க் என்னும் இரு குடிகளின் இளைஞர் நால்வர் அவனைத் தாக்கிக் கொன்றனர். விழித்தெழுந்தவன் அடுப்புத் தீயைத் தூண்டினான். இருளை விலக்கிய அவ்வொளியே அவனைப் பகைவர்க்குக் காட்டிக் கொடுத்தது. தலையைத் துணித்து உடலையும் கொள்ளையிட்டனர். காரணம் இன்னதென்று அறுதியிட்டுக் கூற இயலவில்லை என்று தீட்மார் ஒப்புக்கொள்கிறார். அவனுடைய தூண்டுதலால் சாட்டையடி பட்ட ஒருவனின் பழிவாங்கல் என்போரும், அந்த உணவு மேசையின் அவமதிப்பே காரணம் என்போரும் உண்டு எனப் பதிவு செய்து அமைகிறார். தம் குடிக்குப் பகைவனாயிருந்தவனின் சாவை எழுதும்போது அவர் மகிழவில்லை. நாட்டின் அழகும் பகைவரின் அச்சமும் அவனே என்று போற்றித் துயருறுகிறார்.

தந்தை மாண்டபின் லியுட்கார்ட் வெர்னரை மணந்தாள். 1003இல் லியுத்தார் மறைய, எல்லைக் காவல் வெர்னருக்கு வந்தது. அதனை அவனால் காக்க இயலவில்லை. தன்னைப் பற்றி அரசனிடம் பழி கூறிய டெடி என்னும் கோமானை 1009இல் தாக்கிக் கொன்றான், பதவியை இழந்தான். 1012இல் லியுட்கார்ட் இறந்தாள். ஈராண்டுகளில், 1014இல், ரெய்ன்ஹில்டே என்னும் வேறொரு பெண்மணியைக் கவர்ந்து செல்ல முயன்றபோது பட்ட காயத்தால் வெர்னர் மாண்டான். முதற் கவர்தலில் வெறுங்காலோடு தப்பியவன் இரண்டாம் கவர்தலில் உயிரைக் கொடுத்தான்.

கல்லறையும் ஏடும்

இவற்றையெல்லாம் எழுதியவர் பிறர் குற்றங்களை எண்ணும் நடுவராகத் தம்மை வைத்துக்கொள்ளவில்லை. 1002ஆம் ஆண்டு மே 7ஆம் நாள் வால்பெக் குருமார் குழாத்தின் தலைமையைத் தாம் அடைந்தது, பெரிய தந்தை லியுத்தார் கேட்ட விலையைக் கொடுத்தே என்று அவரே எழுதுகிறார். திருப்பதவியை விலைக்கு வாங்குதல் திருச்சபைச் சட்டப்படி கொடும்பாவம். பாட்டன் தன் பாவத்திற்குக் கழுவாயாகக் கட்டிய கோயிலைப் பேரன் மற்றொரு பாவத்தால் பெற்றார்.

அதனினும் அவரை வாட்டியது வேறொன்று. உடன்பிறந்த ஹென்றியின் மனைவி ஒரு பனிக்காலத்தில் இறந்தபோது, அவளுக்கு வால்பெக் கோயிலில் இடந்தேடி, அங்கே அடக்கம் செய்யப்பெற்றிருந்த வில்லிகிஸ் என்னும் குருவின் கல்லறையைத் திறக்க தீட்மார் இசைந்தார். எலும்புகள் அகற்றப்பட்டன. உள்ளே கிடைத்த வெள்ளிக் கிண்ணத்தை ஏழைகட்குப் பகிர்ந்தளிக்கலாம் என எண்ணினார், அதுவும் காணாமற்போயிற்று. பின்னர் நோயுற்றார். ஓரிரவு பேரொலி கேட்டு யார் என வினவ, அவருடைய குற்றத்தால் இருப்பிடமின்றி அலையும் வில்லிகிஸ் தானே என்ற விடை வந்ததாக எழுதியுள்ளார். உயிரோடிருக்கும் நாளெல்லாம் இதற்காக வருந்துவதே தம் கடன் என்கிறார்.

உயர்குடிப் பெருமை எங்கே சென்று இடறும் என்பதற்கு இந்தக் கல்லறையைவிடத் தெளிவான சான்று அவ்வேட்டில் இல்லை. சொந்தக் குடிப்பெண்ணுக்கு இடம் வேண்டும். அதற்காகப் பெயர்பெறாத ஒருவரின் எலும்புகள் விலகவேண்டும். கோமான் குடி நிலத்தில் நெடுங்காலமாகச் செய்துவந்ததை, அன்று கல்லறைக்குள்ளும் செய்தது. தீட்மார் அதனைக் கண்டார், கண்டபின் மறைக்கவில்லை.

அவருக்கும் வரம்புகள் இருந்தன. ஸ்லாவியரைப் பற்றி எழுதும்போது அவர் பேனா பெரும்பாலும் கடுமையையே கொட்டுகிறது. உழுதோரும் ஆடு மேய்த்தோரும் அவ்வேட்டில் பெயருடன் வருவது அருமை. அவர் எழுதியது தம்மவர்க்காக. அதிலும் சிறப்பாக இறந்துபட்டோர்க்காக. 1009இல் மெர்செபர்க்கின் ஆயரானபின், 1012 முதல் 1018 வரை எட்டு நூல்களாக அவ்வரலாற்றை ஆக்கினார். எழுத்தர் எண்மர் எழுத, அவரே படித்துத் தம் கையால் திருத்தினார். விடுபட்டனவற்றை இடையிலும் ஓரத்திலும் சேர்த்தார். மெர்செபர்க்கில் பேணப்பெறும் நினைவுநாள் ஏட்டில், இறந்தோர் பெயர்களை அவரவர் இறந்த தேதிக்கு நேரே தாமும் சேர்த்தார். அரச குலத்தார் பெயர்களும் வால்பெக், ஸ்டாடே குடியினர் பெயர்களும் அங்கே அருகருகே நிற்கின்றன. வழிபாட்டு நூலொன்றில், பலி நிறைவேற்றும் குரு பாவியாகிய தீட்மாரையும் நினைத்தருள வேண்டும் என்று தம் கையாலேயே எழுதி வைத்தார். 1018ஆம் ஆண்டு திசம்பர் முதல் நாள் அவர் மறைந்தார்.

அவர் கைபட்ட மூல ஏடு டிரெஸ்டன் நகர நூலகத்தைச் சேர்ந்தது. 1945 பிப்ரவரியில் அந்நகரின்மீது குண்டுகள் பொழிந்தபோது, பாதுகாப்பாக வைத்திருந்த அறைக்குள் நீர் புகுந்து ஏட்டைப் பெரிதும் சிதைத்தது. ஆயின் 1905ஆம் ஆண்டிலேயே அதன் பக்கங்களை நிழற்படமாக எடுத்து அச்சிட்டிருந்தனர். அவர் ஓரத்தில் சேர்த்த திருத்தங்களை இன்று படிக்க முடிவது பெரிதும் அப்படங்களாலேயே. வால்பெக் குன்றின்மேல் லியுத்தார் கட்டிய கோயில், கூரையிழந்த சுவர்களாக இன்னும் நிற்கிறது. அவருடையது எனக் கருதப்படும் கல்லறைப் பேழை, கீழே ஊர்த்தேவாலயத்தில் உள்ளது.